டேப்புக்குள் இருந்த வயர்த் துண்டு

நீலசந்திரா,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் க்ளெனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அம்மா சுகமாக இருக்கிறாள், அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தினமும் கேட்கிறாள். என் சுகத்தைப் பற்றி இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

நீ விட்டுப்போன கார் பத்து நாளாக ஸ்டார்ட் ஆகவில்லை, எஞ்சினில் இருக்கும் கிராங்க் சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், ஒரே ஒரு போல்ட்தானே என்று புதியதை வாங்கிவந்து சனிக்கிழமை வாசலில் வைத்து நானே கழற்றினேன். வயரில் சுற்றியிருந்த பழைய டேப்பை பிளேடால் அறுத்து குப்பை டப்பாவில் போட்டேன், புதிய சென்சாரை முடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை, குனிந்து பார்த்தால் வயர் அறுந்து தொங்குகிறது. எதிர்வீட்டு மஞ்சுநாத், போன மாதம் பார்க்கிங் சண்டையில் உன் வண்டி வயரை அறுத்துவிடுவேன் என்று சொன்னவன், அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் எடுக்க வந்தான். கையில் கிடைத்த வீல் ஸ்பேனரால் அவனை அடித்தேன். முதல் அடி தோளில், தடுக்கத் தூக்கிய வலது கையில் இரண்டாவது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை மிதித்தேன். வாயெல்லாம் ரத்தமாக, நான் செய்யவில்லை சார், நான் செய்யவில்லை என்று கன்னடத்தில் அழுதான், கேட்கக் கேட்க எனக்கு வெறி ஏறியது. மறைப்பானேன், அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கையைத் திறந்து கம்பி வைத்திருக்கிறார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் கை, விரல் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நேற்று சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் அவன் மனைவி ஜெயலட்சுமி வாசலில் நிற்கிறாள், அவரு செஞ்சது தப்புதாண்ணா, போலீசுக்குப் போக மாட்டோம், மன்னிச்சிடுங்க என்று என் காலைத் தொட்டாள். அவள் போனபின் வயரை ஒட்டவைக்க உட்கார்ந்தேன். வயரில் ஒரு விரல் நீளம் குறைந்தது. அந்தத் துண்டு டப்பாவில், நான் அறுத்துப் போட்ட டேப்புக்குள்ளேயே இருந்தது. அவன் தொடவே இல்லை க்ளென். நான்தான் அறுத்தேன். தெருவே அவனைத் தூற்றுகிறது, பெண்டாட்டியும் நம்பவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் சொல்லப் போகிறேன், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. இது வந்து சேருமுன் போன் வந்திருக்கும், அம்மாவிடம் தினமும் பேசு.

உனக்கும் என் கைதான். பள்ளியில் நீ ஒருவன் பல்லை உடைத்துவிட்டு வந்தபோது நான் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கோபம் வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே போடு.

உன் அப்பா,
மதலைமுத்து