காமன் பேசாத மூன்று நாள்

3-3-1961
சென்னையில் மனோதத்துவம் படித்த பட்டதாரி, பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன். ஐந்து வருஷமாயிற்று. கொழும்பில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை காலியாம். விண்ணப்பத்தோடு சொந்தமாக எழுதிய ஆய்வு ஒன்றும் வேண்டும்.

நேற்றுக் கூத்தில் காமனை எரித்தார்கள். காமனாக ஆடிய அழகன் கோயிலோரம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறான். மூன்றாம் நாள் உயிரெழுப்பும்வரை பேச்சில்லை, சோறில்லை. எனக்கு ஆய்வு கிடைத்துவிட்டது.

9-3-1961
ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். தான் செத்துவிட்டதாக நம்பும் தொழிலாளி ஒருவனின் மனப்பிறழ்வு. அழகன் பேரை அப்படியே போட்டேன். விரதம் என்ற சொல் எங்கும் வரவில்லை. வந்தால் கொழும்பில் யார் மதிப்பார்கள்?

நற்சாட்சிக் கடிதம் கேட்கப் போன இடத்தில் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார்.

28-3-1961
அழகனை வேலையிலிருந்து நீக்கிப் பேரை வெட்டிவிட்டார்கள். காரணம் — புத்தி சரியில்லை. சாட்சி — என் பதினோரு பக்கம். குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் காலி பண்ண வேண்டுமாம்.

அவன் தொழிற்சங்கத் தலைவன். அவனை வெளியேற்றத் தொரை இரண்டு வருஷமாக வழி தேடியது எனக்குத் தெரியாதா? தெரியும்.

29-3-1961
அழகன் மனைவி நாகலெட்சுமி வந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மாஸ்டர், புத்தி நல்லா இருக்குன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா தொரை நம்புவாருங்க."

எழுதினேன்.

30-3-1961
தொரை படித்துவிட்டுச் சிரித்தார். "நீர் டாக்டர் இல்லையே. இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி?"

பேரை வெட்டும்போது இருந்த தகுதி இப்ப எங்க போச்சு? கேட்டேனா? என் நற்சாட்சிக் கடிதம் அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். சீ.

12-6-1961
கொழும்பிலிருந்து பதில். பிரஜாவுரிமை இல்லாதவரைப் பரிசீலிக்க இயலாது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் எப்படி இருக்கும்? பட்டம் வாங்கியதும் அது மறந்துபோயிற்று.

அழகன் குடும்பம் வலப்பனைப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறதாம்.

22-3-1962
இந்த வருஷம் காமன் செல்லசாமி. நேற்று எரித்தார்கள். இன்று காலை கோயில் பக்கம் போனேன். எழுத அல்ல, சும்மாதான்.

துணி போர்த்திக் கிடந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினான்.

"வணக்கங்க மாஸ்டர். பேரு செல்லசாமி, மூணாம் நம்பர் லயம். புத்தியெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு."

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை.