நலமான குழந்தைகள் தேவை

மார்ச் 3
அரை மணி நேரக் கூட்டம் மதியச் சாப்பாட்டை விழுங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நோயுற்ற குழந்தைகளின் ரத்தம் இருக்கிறது. நலமான குழந்தைகளின் ரத்தம் இல்லை. வைரஸ் வந்துபோய்ச் சில வாரங்கள் கழித்து, ஏதோ சில பிள்ளைகளுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே போட்டு அடிக்கிறது. காய்ச்சல், சிவந்த கண், வீங்கிய இதயம். அதே வைரஸ் வந்து சுகமாக எழுந்து ஓடிய பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தானே காரணம் தெரியும்?

ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஒப்பிடாமலே தெரியும். ரத்தத்தில் அவர் கண்டுபிடித்த ஓர் ஆன்டிபாடிதான், அதாவது எதிர்ப்புப் புரதம்தான், குற்றவாளி. அறைச் சுவரில் குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் அதன் படமும் தொங்குகிறது.

"வெளிய எதுக்கு அலையணும்? வைரஸ் வந்து எழுந்த நம்ம வீட்டுப் பிள்ளைங்களே இருக்காங்களே" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

மார்ச் 5
தலையாட்டியவர்களின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் திடீர்ப் பரீட்சை. புள்ளிவிவரக்காரரின் மகன் இன்னும் பள்ளியிலேயே சேரவில்லை. அவனுக்கும் பரீட்சை.

மார்ச் 9
என் மகளை அழைத்துப் போனேன். பெற்றோருக்குத் தரும் தாளில் 'லேசான குத்தல் மட்டுமே' என்று எழுதியவள் நான்தான். அவள் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். வீட்டில் அப்பாவிடம் புகார்: "அம்மா என்னை ஆபீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டாங்க."

மார்ச் 20
அவள் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கிறது. வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கே. மறுபடி சோதித்தேன். அதேதான். இவளுக்கு என்ன? நேத்துதானே சோபாவிலேர்ந்து குதிச்சு விளக்கை உடைச்சா — உடைச்சவளுக்கு இதயம் வீங்கியிருக்குமா?

மார்ச் 21
குழந்தை மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். "பொண்ணு நல்லா இருக்காம்மா. நீங்கதான் ரெஸ்ட் எடுக்கணும்."
காருக்குள் அழுதேன். "ஊசி உனக்கா போட்டாங்க?" என்று மகள் கேட்டாள்.

மார்ச் 23
தலைவரிடம் சொன்னேன். ஆழ்ந்து யோசித்தார், தன் கோட்பாட்டைப் பற்றி அல்ல.

"உங்க பொண்ணை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. அவளை நலமான குழந்தைன்னு சொல்ல முடியாது."

"டாக்டர் பார்த்துட்டார் சார்."

"வெளிய தெரியாது. உள்ளுக்குள்ள இருக்கும்."

என் பிள்ளை நல்லா இருக்கறது இந்த மனுஷனுக்கு இடைஞ்சல். எரிச்சலில் காது சூடாகிவிட்டது. அந்த ஆன்டிபாடியை அடக்கும் மருந்தை வார்டில் தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. பொல்லாத மருந்து. ஆன்டிபாடி குற்றவாளி இல்லையென்றால், வீணாக அந்தப் பிஞ்சு உடம்புகளில் ஏற்றுவதா? எடுக்க மாட்டேன் என்றேன்.

"ஒரே ஒரு குழந்தையை வச்சு என்ன சொல்ல முடியும்?"

"அப்ப இன்னும் சில குழந்தைங்க வரட்டும் சார்."

"வரட்டும். நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்" என்றார், வீம்புக்கு.

மார்ச் 26
பேத்தியோடு வந்தார். "நலமான குழந்தைன்னா இதும்மா. வைரஸ் வந்தப்பகூட ஆடிட்டுத்தான் இருந்தா." பேத்தி அழவில்லை. தாத்தாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலைக்குள் மற்ற எல்லோருடைய பரீட்சையும் ரத்து.

ஏப்ரல் 6
புதிதாக வந்த பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அந்த ஆன்டிபாடி இருக்கிறது. ஒருத்தி பேத்தி.

முடிவுத் தாளைத் தலைவரின் மேசையில் வைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "இவங்களையும் எடுத்துடலாமா சார்?"

"எதுக்கு? என் பேத்திக்கு ஒண்ணுமில்ல" என்று அதட்டினார். பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணுமில்லதானேம்மா?"

ஜெயித்த நினைப்பில் உள்ளே போனவள், குழந்தை மருத்துவரின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாவமாக இருந்தது.

ஏப்ரல் 9
பேத்தி நலம். மருந்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்த ஆன்டிபாடி மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகத் தலைவர் கூட்டத்தில் அறிவித்தார். சிரிப்பை அடக்க இருமினேன்.

ஏப்ரல் 14
வார்டில் புதிதாக ஒரு குழந்தை. அதன் அம்மா எங்களை வழிமறித்தார். "என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சார் வந்துச்சு?"

தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தெரியலம்மா" என்றார்.