இரண்டு லேபிள்

5 மார்ச் 2019, செவ்வாய்

லண்டனுக்குப் போகிற இறால் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற என் வேலை காலையிலேயே நின்றுபோச்சு. கப்பல் போய்ச்சேர ஒரு மாதம் ஆகும். இந்த மாதக் கடைசியில் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகணும். விலகினால் லேபிளும் மாறும்; விலகுமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அங்கே எந்த லேபிள் செல்லும் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? சரக்கு வாங்குகிறவருக்குப் போன் போட்டால், தனக்கும் தெரியாது என்கிறார்.

மேனேஜர் அண்ணாச்சிதான் வழி சொன்னார். "ஏளா செல்வி, ரெண்டையும் அடி. பழசை ஒட்டு, புதுசைக் கட்டாக் கட்டி கூடவே அனுப்பு. அங்கன மாத்திக்கிடட்டும். பிரியணும்னு ஓட்டுப் போட்டு மூணு வருசம் ஆகப்போவுது, இன்னும் போகவா இருக்கவான்னு நிக்கான் பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால், மாமியார் எனக்கென்று மீன் தலையை எடுத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தேன். தனிக்குடித்தனம் போக நானும் என் வீட்டுக்காரரும் வாங்கிய குக்கர், இரண்டு பொங்கல் தாண்டியும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

தூசியைத் துடைத்தேன். மறுபடியும் உள்ளேயே தள்ளிவிட்டேன்.