ஒரு நாளும் விடாத மாத்திரை

11.3.2019
எச்.ஐ.வி. மாத்திரை வாங்க சென்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் நூறு பேர். சரி, இருபது பேர் இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 410 இருந்தது, இப்போது 180தானாம்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கல்கத்தாவுக்கு வெடி லோடு ஏத்திப் போனப்பவே, ஓடுற லாரியில முழுங்குனவன் சார் நான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டில்லி, அசாமெல்லாம் சேர்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

12.3.2019
தங்கச்சி மகள் பாண்டிமீனா மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணினாள். எனக்குச் சோறு போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு மாமா. வயித்துக்குள்ள போச்சா, வாய்க்கால்ல போச்சான்னு யாரு கண்டா? ஊருக்கெல்லாம் கதை விடுறீக, விடுங்க. இதுலயுமா?"

ஆறு வருஷம். ஒரு நாள் விட்டதில்லை. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை — ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்?

25.3.2019
நாலு கிலோ இறங்கிவிட்டேன். வாயெல்லாம் புண். கஞ்சிதான்.

2.4.2019
சென்டர் நர்ஸ் தேவமணி சிஸ்டர் நல்லா இருக்கணும். ரத்தத்தில் எம்புட்டு வைரஸ் என்று பார்த்த ரிப்போர்ட் வந்தது. தென்படவே இல்லையாம். டாக்டருக்கே குழப்பம். சிஸ்டர்தான், "மாத்திரை போடாத ஆளுக்கு இப்படி வராது சார். மாரிசாமி அண்ணன் பொய் சொல்லல. எச்.ஐ.வி.யில ரெண்டாவது வகை இருக்கான்னு பாத்துருவோமா?" என்றார்.

பொய் சொல்லல. என் அறுபது வயசில் இதை ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. பஸ்ஸில் ஆமத்தூர் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

10.5.2019
இருக்கிறது! என் ரத்தத்தில் ரெண்டு வகை.

சிஸ்டர் விளக்கினார்: "ரெண்டும் எச்.ஐ.வி.தாண்ணே. மரபணுதான் வேற வேற. நீங்க போட்ட மாத்திரை முதல் வகைய அடக்கிருச்சு. ரெண்டாவது அதுக்கு அடங்காது. நம்ம டெஸ்டும் முதல் வகையத்தான் எண்ணும்."

மாத்திரையை மாற்றித் தந்தார்கள். மாவட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி. அப்படி யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.

பாண்டிமீனா ரிப்போர்ட்டை ரெண்டு தரம் படித்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணை வச்சே அம்புட்டுப் பேசுவீக. இனி ஊர் தாங்குமா?" என்றாள். சாயங்காலம் அயிரைமீன் குழம்பு. காரமில்லாமல், என் வாய்க்கென்றே.

14.8.2019
புண் ஆறிவிட்டது. தீபாவளி சீசன் சூடு. வெடிக் கம்பெனியில் லோடுக் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

18.11.2019
சி.டி.4 312. கும்பிட்டேன், யாரை என்று தெரியவில்லை.

சென்டரில் சாத்தூர்க்காரர் ஒருவர், இருளாண்டி என்று பெயர். புதுசாக நோய் தெரிந்தவர். மாத்திரையே வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். சிஸ்டர் என்னிடம் கேட்டுவிட்டு, என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இந்த அண்ணன் சொல்றத அப்படியே நம்பலாம்" என்றார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

 இருளாண்டி கையை நீட்டி மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டார்.