நாரைக்கு வைத்த பொட்டு

மயிலாப்பூர், 1948, விஜயதசமி இரவு

நேற்று சரஸ்வதி பூஜையில் என் எலெக்ட்ரிக் கிதாரையும் வைத்தோம். என் மனைவி கமலா, தந்திகளுக்கு அடியில் இருந்து ஒலியை வாங்கும் காந்தத்தின் மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் ஜோசப் வந்தான். நான் வாசிக்கும் பாண்டு குழுவில் அவனும் கிதார்தான், ஆனால் அவன் கிதார் வேறு கம்பெனி. "இன்னா நைனா, மோட்டாருக்குச் சந்தனம் வெக்கிறா மாதிரி இதுக்கும் வெச்சிக்கினு கீறே! ஈரம் உள்ள பூந்திருந்தா அவ்ளோதான். தூக்கிக் கடாசிட்டு என்னுது மாதிரி ஒண்ணு வாங்கு."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒயரை ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, காய்ந்த சந்தனத்தோடேயே வாசித்தேன். என் நாரை மார்க் கிதார் கணீரென்று பேசியது. தெருவில் போன தயிர்க்காரி கூடையோடு நின்றுவிட்டாள். ஜோசப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "இன்னொரு தபா வாசி" என்றான்.

இந்த ஜன்மத்தில் இனி வேறு மார்க்கைத் தொட மாட்டேன்.

சாயங்காலம் காந்தத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். கிதாரின் தலைப்பக்கம் பொறித்திருக்கும் அந்த நாரையின் நெற்றியிலும் கமலா ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.