பெட்டிக்குள் வராத சுவர்கள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், வீடும் இன்றுவரை இடியாமல் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும்.

நீ, என் அறை சும்மாதானே கிடக்கிறது, இடித்து ஹாலைப் பெரிதாக்குங்கள் என்று நம் வீட்டையே கம்ப்யூட்டரில் படமாகக் கட்டி அனுப்பினாயே, அன்றிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை, எனக்கோ சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தில் வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெட்டி வரைந்தால் அங்கே இருப்பதை மட்டும் அது பிரித்துக் காட்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே, அப்பா உன் அறையைச் சுற்றி வரைந்து, வந்ததையெல்லாம் இடிக்க வேண்டியது என்று மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டார். மேஸ்திரி வந்து சாக்பீஸால் குறி போட ஆரம்பித்தார், உன் அறையோடு நிற்கவில்லை, சமையலறைச் சுவர், குளியலறைக் குழாய், எங்கள் அறைக் கதவு எல்லாவற்றிலும் பெருக்கல் குறி. நான் அடுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டால், கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்கிறார் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. அப்புறம் உனக்குப் போன் போட்டாராம், பெட்டியின் ஓரம் பட்டதெல்லாம் வரும்படி வைத்திருக்கிறீர்கள், பெட்டிக்குள் முழுக்க இருப்பதை மட்டும் கேளுங்கள் என்றாயாம். கேட்டார். உன் கட்டில், மேஜை, மின்விசிறி வந்தன. சுவர் ஒன்றுகூட வரவில்லை, எதுவும் பெட்டிக்குள் முழுசாக அடங்கவில்லையாம். ஒன்று சமையலறைக்கும் பொது, ஒன்று எங்கள் அறைக்கும் பொது, மற்ற இரண்டும் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகின்றன. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, இதுக்கு இடிக்க ஆள் வேணாம்மா, கட்டில் தூக்க ரெண்டு பேர் போதும் என்றார். அவருக்கு இன்னொரு காபி கொடுத்தேன்.

அப்பா முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும். நான் சாக்பீஸ் குறியையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். உன் கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று. உண்மையைச் சொல்கிறேன், இனிமேல் வந்து தங்கப் போவதில்லை என்று முடிவு பண்ணித்தான் இடிக்கச் சொன்னாயோ என்று பயந்துபோனேன். அப்படி இல்லை என்றால் ஒரு வரி எழுது. அப்படித்தான் என்றாலும் அந்த அறை எனக்கு வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து வேலை செய்யாதே. இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியே வேண்டாம், கம்ப்யூட்டர் படத்தில் ஹால் பக்கத்துச் சுவரை மட்டும் தனியாகத் தொட்டுக் காட்டினாலே இடித்துவிடலாம் என்று மேஸ்திரி போகும்போது என்னிடம் சொன்னார். அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

உன் அறைக்கு அடுத்த அறையிலிருந்து,
அம்மா