பத்தாவது வாக்கியம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் வாலுப் பெண்ணும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்து தையல் கடைக்குப் போகிறார், ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

போன வாரம் இங்கிலீஷ் டீச்சர் வித் என்ற வார்த்தையை வைத்து உன் பெண்ணைப் பத்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் ஏபிசிடி எனக்குத் தண்ணிபட்ட பாடு, பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் மகள் எனக்கே பாடம் நடத்துகிறாள். தாத்தாவோடு நடந்தேன் என்றாலும் வித், பென்சிலால் எழுதினேன் என்றாலும் வித், பச்சைக் கதவு வைத்த வீடு என்றாலும் வித், குளிரில் நடுங்கினேன் என்றாலும் அதேதானாம். இதென்னடி, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிற வார்த்தையாக இருக்கிறதே என்றேன். அது ஒண்ணுதான் பாட்டி, உனக்குத்தான் நாலு தேவைப்படுது என்கிறாள். உன் வாய் அப்படியே. ஒன்பதைக் கடகடவென்று எழுதினாள், பத்தாவதை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, உங்க மகள் வந்துட்டாங்களாமே, ரொம்ப சந்தோஷம் என்கிறார்கள் டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தாவது வாக்கியமாக, நான் என் அம்மாவோடு இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவாங்க என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறாள். பொய்க்குத் துணை போகிறவளா நான், இல்லை டீச்சர், இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள், நான் சொன்னதும் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. மாற்றி எழுதிவரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்த வரியைத் தாள் ஓட்டையாகும்வரை அழித்தாள், அப்புறம் தாளையே கிழித்துப் போட்டுவிட்டுப் பத்தையும் புதுசாக எழுதினாள்.

நேற்று நோட்டு வந்தது, பத்துக்குப் பத்து. நம் வீட்டில் இங்கிலீஷில் யார் வாங்கியிருக்கிறோம், தெருவில் நாலு பேரிடம் காட்டினேன். மருந்துக்கடைக்காரர்தான் பத்தாவதைப் படித்துச் சொன்னார். எனக்கு அம்மாமேல் கோபம் என்று எழுதியிருக்கிறாள். அதற்கும் வித் என்றுதான் போட வேண்டுமாம். டீச்சர் பெரிதாகச் சரி போட்டிருக்கிறார்கள்.

அங்கே லாண்டரி வேலையில் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீ கையெழுத்துப் போட்டதை அவளிடம் நான் சொல்லவில்லை. கிளம்பி வா என்று எழுத மாட்டேன், உன் நிலைமை தெரியாதவளா நான். ஆனால் அதை என் வாயால் சொல்ல வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே சொல்லு. கத்தினால் கத்தட்டும், போனை வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒன்றும் வரக்கூடாது. லாண்டரியில் சோப்புத் தண்ணீரில் கையுறை இல்லாமல் கை வைக்காதே. கிழித்துப் போட்ட தாளைக் குப்பையிலிருந்து எடுத்து நீவி, இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஓட்டையைச் சுற்றிப் பென்சில் அழுந்தின தடம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்